எலும்பை வளர்க்கும் மருந்தைத் தேடி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. இவ்வாண்டு அறிவியல் பொருள் ஒன்றும் இடம்பெற வேண்டுமெனச் சங்கத்தார் விரும்பினர். நாம் எலும்பைப் பொருளாகக் கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. நம் குடியிருப்பில் முதுகு கூனிய பாட்டியர் உள்ளனர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியோர் உள்ளனர். அவர்களுக்குப் பணிவிடை செய்யும் மகளிர் கேட்கும் கேள்வி ஒன்றே: “தேய்ந்த எலும்பை மீண்டும் வளர்க்கும் மருந்து இல்லையா?” உலகத்தின் பெரிய ஆராய்ச்சிச் சாலைகளும் பல ஆண்டுகளாக இதே கேள்வியைத்தான் கேட்டு வருகின்றன. அத்தேடல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இன்று ஒருவாறு காண்போம்.

எலும்பு உயிருள்ளது

எலும்பைக் கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் என்று நினைப்பது இயல்பு. உண்மை அதுவன்று. உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் அடங்கியுள்ளது. அந்த எலும்பினுள் இருவகை உயிரணுக்கள் ஓயாது தொழில் செய்கின்றன. ஒருவகை பழைய எலும்பை அரித்துக் கரைக்கும். மற்றொருவகை அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டும். முன்னவற்றை அரிப்போர் என்றும், பின்னவற்றைக் கட்டுவோர் என்றும் அழைப்போம். வளர்ந்த மனிதர் உடலில் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு எலும்பு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது.

இளமையில் கட்டுவோர் கை ஓங்கியிருக்கும். முதுமையில் அரிப்போர் கை ஓங்கும். மகளிர்க்கு மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைவதால் அரிப்பு விரைவுபடுகிறது. எலும்பு உள்ளே புரையோடி, சிறு இடறலுக்கும் முறிகிறது. இதுவே எலும்புப்புரை நோய். இதற்கு இன்று வழங்கும் மருந்துகளுள் பெரும்பாலானவை அரிப்போரைத் தடுப்பன. கட்டுவோரை ஊக்குவன மிகச் சில. தேடல் முழுவதும் இந்த இரண்டாம் வகையைப் பற்றியதே.

புத்தூர் எழுப்பும் கேள்வி

இத்தேடலின் அடிப்படையை விளக்க நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருப்பதியிலிருந்து திருத்தணி வழியாகச் சென்னைக்குச் செல்லும் சாலையில் புத்தூர் உள்ளது. திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. புத்தூரும் நகரியும் சித்தூரும் ஆந்திரத்தில் நின்றன. ஆயினும் புத்தூர்க் கட்டின் புகழுக்கு மாநில எல்லை ஏது? கை முறிந்தாலும் கால் முறிந்தாலும் புத்தூருக்குப் போ என்று சென்னையிலும் வேலூரிலும் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். பச்சிலை அரைப்பும் முட்டையின் வெண்கருவும் பூசி, மூங்கில் தப்பை வைத்துத் துணியால் கட்டுவது அங்குள்ள மரபு. பச்சிலையின் அறிவு குடும்பத்தில் வழிவழியாகக் காக்கப்படுவதென்பர்.

கட்டிய எலும்பு பலர்க்குக் கூடியிருக்கிறது. அதில் ஐயமில்லை. ஆனால் அறிவியல் அறிஞர் ஒருவர் அங்கு நின்றால் ஒரு கேள்வி கேட்பார். எலும்பைக் கூட்டியது பச்சிலையா? அசையாமல் பிடித்து நின்ற தப்பையா? அல்லது வாரங்கள் செல்லச் செல்லத் தானே கூடும் எலும்பின் இயல்பா? முறிந்த எலும்பை நேராக வைத்து அசையாமல் காத்தால், இலை ஏதுமின்றியும் அது பெரும்பாலும் கூடும். ஆகவே, குணமானவர்களை எண்ணிப் பார்ப்பதால் மட்டும் இலையின் ஆற்றல் விளங்காது. ஒரே வகை முறிவு, ஒரே வகைத் தப்பை, ஒரே அளவு காலம். ஒரு சாராருக்கு இலை உண்டு, மறு சாராருக்கு இலை இல்லை. இவ்வாறு ஒப்பிட்டால்தான் உண்மை வெளிப்படும்.

இக்கேள்வி புத்தூரைப் பழிப்பதற்காக எழுந்ததன்று. பெரிய மருத்துவமனையின் மாத்திரையையும் இதே கேள்வியால்தான் சோதிக்க வேண்டும். இலையா, தப்பையா, காலமா என்று பிரித்தறியும் வழக்கு மன்றமே ஆராய்ச்சிச் சாலை.

வளர்ச்சியைக் கண்ணால் காணுதல்

வழக்குக்குச் சாட்சி வேண்டும். உடலுக்குள் மறைந்துள்ள எலும்பு வளர்ந்ததா என்பதை எவ்வாறு காண்பது? முதற்சாட்சி சாயத் தொழிலிலிருந்து கிடைத்தது. லண்டனில் ஜான் பெல்ச்சியர் என்னும் அறுவை மருத்துவர், துணிக்குச் சாயமேற்றுவார் ஒருவர் வீட்டில் உணவு உண்டபோது, பன்றி இறைச்சியின் எலும்பு சிவந்திருக்கக் கண்டார். மஞ்சிட்டி இனத்துச் சாயவேர் கலந்த தவிட்டை அப்பன்றி தின்றிருந்தது. 1736இல் அவர் இதனை அறிவித்தார். அவ்வேரின் சிவப்பு, சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து புதிதாக உருவாகும் எலும்பில் படிந்துவிடுகிறது. அச்சாயப் பொருளின் பெயர் அலிசரின். சோழமண்டலக் கரையின் துணிகளுக்குப் பழங்காலத்தில் செந்நிறம் ஊட்டிய சாயவேரிலும் அதுவே உள்ளது. காளத்தியின் கலம்காரித் துணியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அச்சிவப்பு புதிதன்று. இன்றும் ஆராய்ச்சிச் சாலையில் உயிரணுக்கள் சுண்ணாம்பைப் படியவைத்தனவா என்று அறிய, அலிசரின் சாயத்தையே ஊற்றிப் பார்க்கின்றனர். சிவந்தால் வெற்றி.

இரண்டாம் சாட்சியில் ஆந்திர நாட்டு மைந்தர் ஒருவர் பெயர் கலந்துள்ளது. 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களே அவர். 1925இல் அவரும் ஃபிஸ்க் என்னும் பேராசிரியரும் பாஸ்பரஸின் அளவை நிறத்தின் அடர்த்தி கொண்டு அளக்கும் முறையை வெளியிட்டனர். எலும்பின் கனிமம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. ஆதலின் இம்முறை எலும்பு ஆராய்ச்சிக்கும் பெருந்துணையாயிற்று. பின்னர் அவர் தலைமை தாங்கிய லெடர்லி ஆராய்ச்சிச் சாலையில், டக்கர் என்பார் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் மருந்தைக் கண்டார். அது 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் தலைமகன் அதுவே. நோய்க் கிருமிகளைக் கொல்லவந்த அக்குடும்பம் வேறொரு பணியும் செய்தது. புதிதாகப் படியும் எலும்பில் டெட்ராசைக்ளின் தங்கி, புற ஊதா ஒளியில் மஞ்சளாக ஒளிர்வதை 1957இல் கண்டறிந்தனர். சில நாள் இடைவிட்டு இருமுறை மருந்தளித்தால் எலும்பில் இரண்டு ஒளிக்கோடுகள் தோன்றும். இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட தொலைவே அந்நாட்களில் எலும்பு வளர்ந்த அளவு. காலத்தை எலும்பின் மேலேயே எழுதிப் படிக்கும் வித்தை இது.

சல்லடைகள்

சாட்சிகள் கிடைத்தபின் தேடல் தொடங்குகிறது. இதனைத் தாய்மார்கள் அறிந்த சல்லடையோடு ஒப்பிடலாம். பெருங்கண் சல்லடை முதலில்; நுண்கண் சல்லடை பின்னர்.

முதற்சல்லடை கண்ணாடித் தட்டு. எலிக் குட்டியின் மண்டையெலும்பிலிருந்து கட்டுவோர் உயிரணுக்களைப் பிரித்து, ஊட்ட நீரில் வளர்த்து, ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு பொருளைத் துளியளவு சேர்க்கின்றனர். உயிரணுக்கள் ஊக்கம் பெற்றால் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி மிகும். அதனை அளப்பர். பின்னர் அலிசரினால் சிவக்கிறதா என்று பார்ப்பர். பக்கத்திலேயே எப்பொருளும் சேர்க்காத தட்டு ஒன்றும் இருக்கும். ஒப்பீட்டுக்கு உரிய தட்டு அது. அஃதின்றேல் சோதனையே இல்லை.

இவ்வழியில் நிகழ்ந்த பெருந்தேடல் ஒன்றைச் சொல்வோம். 1965இல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், கனிமம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கே புதிய எலும்பு முளைப்பதைக் காட்டினார். எலும்புக்குள்ளேயே எலும்பை வளர்க்கும் புரதம் இருப்பது தெளிவாயிற்று. 1988இல் வோஸ்னி குழுவினர் அப்புரதங்களின் மரபுக் குறிப்பைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்றை உடலே மிகுதியாகச் சுரக்குமாறு தூண்டும் எளிய பொருள் உண்டா என்று டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோவில் கிரிகரி மண்டி குழுவினர் தேடினர். அப்புரதத்தின் மரபுக் கூறு விழித்தெழும்போது மின்மினிப் பூச்சியின் ஒளி நொதியும் உடன் பிறக்குமாறு உயிரணுக்களை அமைத்தனர். எத்தட்டு ஒளிர்கிறதோ அத்தட்டில் உள்ள பொருளே வேண்டிய பொருள். 30,000க்கும் மேற்பட்ட இயற்கைப் பொருள்களைச் சலித்தனர். ஒளியேற்றியது லோவாஸ்டாட்டின், ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்து, 1987 முதல் இரத்தக் கொழுப்பைக் குறைக்க வழங்கிவரும் மருந்து! சுண்டெலியின் மண்டையெலும்பின் மேல் அதைச் செலுத்தினர். புதிய எலும்பு வளர்ந்தது. 1999இல் இச்செய்தி வெளிவந்தபோது உலகமே வியந்தது.

ஆனால் மனிதரிடம் நடந்தது வேறு. அதே குடும்பத்து மருந்தாகிய அடோர்வாஸ்டாட்டினை மாதவிலக்கு நின்ற 626 மகளிர்க்கு ஓராண்டு அளித்து ஆராய்ந்தனர். 2007இல் வெளியான முடிவு, எலும்பின் அடர்த்தியில் பயன் இல்லை என்பதே. இம்மருந்துகள் பெரும்பாலும் ஈரலிலேயே தங்கிவிடுவன. எலும்பைச் சென்று சேர்வது சிறிதளவே. தட்டில் ஒளிர்ந்த விளக்கு உடலில் ஏற்றப்படவில்லை. உழைப்பு வீணா? அன்று. பயனற்றதைப் பயனற்றது என்று அறிவதும் சல்லடையின் பயனே. பொய்ந்நம்பிக்கையில் செலவாகும் பொருளும் காலமும் மிஞ்சின அல்லவா?

நெல்லூர் தந்த பாடம்

எலும்பு பெருத்தால் போதும் என்று எண்ணுவோர்க்கு நம் அண்டை மாவட்டமே ஒரு பாடம் வைத்துள்ளது. 1937இல் ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகிய மூவரும் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டச் சிற்றூர்களில் பரவியிருந்த நோய் ஒன்றை விவரித்தனர். கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தது. அதனைப் பருகியவர்களின் பல் கறைபட்டது, முதுகெலும்பு இறுகியது, எலும்பு தடித்தது, குனியவும் நிமிரவும் இயலாது பலர் முடங்கினர். ஃபுளோரைடு எலும்பை வளர்க்கிறது என்பது மெய்யே. அவ்வளர்ச்சி வரமாகாமல் சாபமாயிற்று.

இப்பொருளையே அளவோடு கொடுத்தால் எலும்புப்புரைக்கு மருந்தாகுமே என்று அறிஞர் எண்ணினர். அமெரிக்காவில் 202 மகளிரிடம் நான்காண்டு சோதனை நடைபெற்றது. 1990இல் முடிவு வந்தது. முதுகெலும்பின் அடர்த்தி நூற்றுக்கு 35 பங்கு உயர்ந்தது. கருவி காட்டிய கணக்கில் பெருவெற்றி! ஆனால் முதுகெலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பிற எலும்புகள் முன்னிலும் மிகுதியாக முறிந்தன. தடித்த எலும்பு வலிய எலும்பாக இல்லை. ஆகவே கடைசிச் சல்லடை, தட்டின் சிவப்பும் அன்று. கருவியின் எண்ணும் அன்று. மனிதரின் எலும்பு முறிவது குறைந்ததா என்பதே கடைசிச் சல்லடை. அதனைக் கடக்கும்வரை எதனையும் எலும்பு மருந்து என்று போற்றலாகாது.

அச்சல்லடையைக் கடந்தனவும் உண்டு. பாராதைராய்டு சுரப்பியின் சாறு சிறு அளவில் எலியின் எலும்பை வளர்க்கிறது என்று ஹன்ஸ் செல்யே 1932இல் எழுதினார். அதே ஹார்மோன் இடைவிடாது மிகுந்தால் எலும்பைக் கரைக்கும். நாளுக்கு ஒருமுறை சிறிதளவு ஊசியாய்ச் செலுத்தினால் கட்டும். அதன் ஒரு பகுதியாகிய டெரிபராடைடு முறிவுகளைக் குறைத்தது கண்டு 2002இல் அமெரிக்கா ஒப்புதல் வழங்கியது. முதற்குறிப்பிலிருந்து மருந்து வரை எழுபது ஆண்டுகள்!

பிரண்டையும் சீசமும்

நம் நாட்டில் நிகழ்ந்தவற்றைக் காண்போம். பிரண்டை நம் அடுக்களைக்கு உறவு. ஆந்திர மக்களுக்கு அது நல்லேரு. வடநாட்டார் அதனை எலும்பைக் கூட்டும் கொடி என்னும் பொருள்படவே அழைக்கின்றனர். பெயரோடு நின்றுவிடாமல், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பா, பிரசாத் ஆகிய அறிஞர்கள் 1960களின் தொடக்கத்தில் அதனைச் சோதனைக்கு உட்படுத்தினர். முறிந்த எலும்பு எவ்வளவு விசை தாங்குகிறது என்று அளந்தனர். கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு, கால்சியம் முறிவிடத்தை அடைவதையும் கண்டனர். ஆய்வு விலங்குகளில் பிரண்டை முறிவு கூடுவதை விரைவுபடுத்தியதாக 1964இல் வெளியிட்டனர். 2011இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆய்வாளர்கள், மனித எலும்பு உயிரணு வகையொன்றில் பிரண்டைச் சாறு கனிமப் படிவை மிகுவிப்பதைக் காட்டினர். இரண்டு சல்லடைகளைப் பிரண்டை கடந்துவிட்டது எனலாம். பெருந்தொகையான மனிதரிடம் முறிவைக் குறைத்துக் காட்டும் கடைசிச் சல்லடை இன்னும் எதிரில் நிற்கிறது. பிரண்டைத் துவையலை நாம் சுவைத்து உண்போம். ஆனால் மருத்துவர் தந்த மருந்தை அதன்பொருட்டு நிறுத்தோம்.

1951இல் இலக்னோவில் தொடங்கப்பெற்ற மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் எலும்பு ஆராய்ச்சியில் நெடுங்காலம் ஈடுபட்டு வருகிறது. ஈட்டி மரத்துக்கு உறவான சீசம் மரத்து இலையின் சாற்றை எலி உயிரணுவிலும் எலியிலும் சோதித்து, முறிவு ஆறத் துணைசெய்யும் பொருளாக வரையறுத்து, தொழில் நிறுவனத்தின் வழி வெளிக்கொணர்ந்தது. கால்நடைக்குத் தழையாகவும் வீட்டுக்குக் கதவாகவும் இருந்த மரம் ஆய்வுக் கூடம் புகுந்த வரலாறு இது.

திருப்பதி கூறும் உண்மை

மருந்தைத் தேடும் இவ்வேளையில், திருப்பதியிலேயே கண்டறியப்பட்ட ஓர் உண்மையை நாம் மறக்கலாகாது. ஸ்ரீ வேங்கடேஸ்வர மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் ஹரிநாராயண் அவர்களும் உடனாய்வாளரும் இப்பகுதியின் நகர மக்களையும் சிற்றூர் மக்களையும் ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். உணவில் கால்சியம் குறைவு. தானியங்களில் உள்ள பைட்டேட் என்னும் பொருள், உள்ள கால்சியத்தையும் குடலில் பிடித்து வைத்துக்கொள்கிறது. இவற்றோடு வைட்டமின் டி குறைபாடு சேர்ந்தது. நகரத்திலும் சிற்றூரிலும் மகளிருள் நூற்றுக்கு 70 பேருக்குக் குறையாமல் அக்குறைபாடு காணப்பட்டது. வெயிலுக்குப் பெயர்போன ஊரில் வெயில் தரும் சத்துக்குப் பஞ்சம்!

அக்குழுவினர் மற்றொரு சோதனையும் செய்தனர். நம் தோலில் உள்ள மூலப்பொருளைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை திருப்பதி வெயிலில் மணிக்கணக்கிட்டு வைத்தனர். வைட்டமின் டிக்கு முன்னோடியாக அது மாறுவது முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் மிகுந்திருந்ததாக 2013இல் அறிவித்தனர். காலை இளவெயில் இதமானது. ஆனால் இத்தொழிலுக்கு அதன் வலிமை குறைவு. சன்னல் கண்ணாடியூடே வரும் வெயிலோ பயன்படவே படாது. உச்சி வெயிலில் நெடுநேரம் வாட வேண்டுமென்று நாம் கூறவில்லை. வீட்டினுள்ளேயே பகல் முழுவதையும் கழிக்கும் தாய்மாரும் முதியோரும் நாளும் சிறிது நேரம் கைகளிலும் முகத்திலும் நல்ல வெயில் படுமாறு வெளியே வருவது நலம். குறைபாடு மிகுந்தோர் மருத்துவரைக் கேட்டு மாத்திரை உண்ணட்டும்.

உணவிலும் வழியுண்டு. சித்தூர்ப் பக்கத்து ராகி சங்கடியும் நம் கேழ்வரகுக் களியும் ஒன்றே. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியில் அதன் சிறு பங்குகூட இல்லை. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டினால் பைட்டேட்டும் குறையும். பாலும் மோரும் கீரையும் உடன் சேரட்டும். கட்டுவோரை எவ்வளவு ஊக்கினாலும், கல்லும் சுண்ணாம்பும் இல்லாத களத்தில் அவர் எதைக் கொண்டு கட்டுவர்?

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

பெரியோர்களே! எலும்பை வளர்க்கும் பொடி, தைலம், மாத்திரை என்று நாளும் பல விளம்பரங்கள் நம் வீட்டு வாயிலுக்கு வருகின்றன. நோயின் துயரத்தால் பலர் பொருளை இழக்கின்றனர். சிலர் உரிய மருத்துவக் காலத்தையே இழக்கின்றனர். அவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்போம். எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்? தட்டில் கண்டீர்களா, எலியில் கண்டீர்களா, மனிதரில் கண்டீர்களா? எலும்பு தடித்ததா, முறிவு குறைந்ததா? மூன்றுக்கும் விடை தருவோரை மதிப்போம். விடை தராதோரை வணங்கி அனுப்பிவைப்போம். எலும்பு முறிந்து தோல் கிழிந்திருந்தாலும், விரல்கள் மரத்து நீலம் பூத்தாலும், ஒரு நொடியும் தாழ்க்காது மருத்துவமனைக்கு விரைவோம்.

அதுபோலவே, முன்னோர் அறிவைச் சோதிக்காமலே எள்ளுவதும் அறிவுடைமை ஆகாது. சாயக்காரர் வீட்டு எலும்பில் ஓர் உண்மை இருந்தது. பூஞ்சையில் ஒரு மருந்து இருந்தது. புத்தூரின் பச்சிலையிலும் உண்மை இருக்கலாம். அதனைச் சல்லடையில் இட்டுப் பார்க்கும் வாய்ப்பு நம் இளைஞர்க்கு உண்டு. திருப்பதியில் பல்கலைக்கழகம் உண்டு, மருத்துவ நிறுவனம் உண்டு, நுண்ணோக்கி உண்டு. வேண்டுவது, மரபுக் குடும்பத்தாரின் உரிமையையும் பெருமையையும் காத்து, அவர்தம் இசைவோடு, பொறுமையாய் உழைக்கும் உள்ளமே. இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியருள் ஒருவர் அப்பணியை மேற்கொள்வாராயின், தமிழர் வாழும் இக்குடியிருப்புக்கும் நம்மை ஏற்றுப் பேணும் ஆந்திர நாட்டுக்கும் அது பெருங்கொடையாகும்.

 நம் வீட்டு முதியோர் நிமிர்ந்து நடக்க! நம் சங்கம் நீடு வாழ்க!